பாயிரமும் படமுன்னோட்டமும்

நூல் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது பாயிரம். அதனைப் படித்துவிட்டு நூலைக் கீழே வைத்துவிடுவாரும் உளர். அதனால் ஈர்க்கப்பட்டு நூலுள் புகுவாரும் உளர். திரைப்படத்துக்கு இன்று அவ்வாறு வாயிலாக நிற்பது முன்னோட்டம் எனப்படும் சிறு படம். 'ட்ரெய்லர்' என்றே பலரும் வழங்குவர். நம் நாட்டுக் கல்லூரிகளில் பயிலும் தமிழ் மாணவர் பலர் இக்காலத்தில் கைப்பேசியாலும் சிறு கேமராவாலும் குறும்படம் எடுக்கின்றனர். படம் முடிந்ததும் அதற்கு ஒரு முன்னோட்டமும் தொகுக்கின்றனர். படப்பிடிப்புக்குப் பிந்திய பணிகளுள் கடைசியில் அவசரமாகச் செய்யப்படுவது பெரும்பாலும் இதுவே. ஆகவே தவறுகளுக்கும் இதில் குறைவில்லை.

இதனைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். மாணவர் குழு ஒன்று தம் முன்னோட்டத்தில் வரும் எழுத்துகளில் பிழை திருத்தித் தருமாறு என்னை அழைத்தது. ஒற்றுப் பிழைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று சென்றவன், மூன்று வாரம் அவர்களுடன் கணினித் திரையின் முன் உட்கார நேர்ந்தது. அங்கே கண்டவை தமிழ் கற்பிப்போர்க்கும் பயன்படக் கூடியவை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'ட்ரெய்லர்' என்பதற்குப் பின்னால் தொடர்ந்து வருவது என்று பொருள். முன்னே வருவதற்குப் பின்னே வருவதன் பெயர் எப்படி வந்தது? தொடக்கக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் இவ்விளம்பரத் துண்டு படம் முடிந்த பிறகே காட்டப்பட்டது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விட்டார்கள். அதைக் கண்ட பின்னரே அதனை முன்னால் கொண்டுவந்தனர். இடம் மாறியது, பெயர் மாறவில்லை. 'முன்னோட்டம்' என்று நாம் வழங்குவது ஆங்கிலப் பெயரைவிடப் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாயிரத்தோடு இதனை ஒப்பிட்டது வெறும் அணிக்காக அன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் பாயிரத்துக்கு ஏழு பெயர்கள் கூறுகிறார். அவற்றுள் நூன்முகம் என்பது ஒன்று. புனைந்துரை என்பது மற்றொன்று. நூலுக்கு முகமாக இருப்பதும் அதுவே, நூலைப் புனைந்து உரைப்பதும் அதுவே. முகம் உள்ளதைக் காட்ட வேண்டும். புனைவோ உள்ளதை அழகுபடுத்திக் காட்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இழுபறிதான் முன்னோட்டம் தொகுப்பவனுடைய தொல்லை முழுவதும். மேலும், நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்னும் கருத்தால், சிறப்புப் பாயிரத்தைச் செய்தற்குரியார் இன்னார் என்றும் நன்னூலார் வரையறுக்கிறார். நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு பயின்றவர், அவனுடைய மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே அவர்கள். இவ்விதியின் பயனைக் கணினியின் முன் உட்கார்ந்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

அம்மாணவர்கள் எடுத்த படம் 14 நிமிடம் ஓடுவது. கதை சிறியது. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பெண் ஒருத்தி கடையில் பகுதிநேர வேலை பார்த்துவிட்டு இரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியே வீட்டுக்கு நடந்து வருகிறாள். சில நாளாகத் தன் பின்னால் யாரோ வருவதாக அவளுக்குத் தோன்றுகிறது. காலடி ஓசை கேட்கிறது, திரும்பினால் ஆளில்லை. வீட்டில் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவளோடு அதிகம் பேசுவதில்லை. அவள் வந்ததும் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பின்னால் வந்தவர் அத்தாத்தாவே, பேத்திக்குத் துணையாகத் தொலைவில் நடந்து வந்தார் என்பது இறுதிக் காட்சியில் தெரியவரும். தாத்தாவாக நடித்தவர் நடிகர் அல்லர். பழைய தோட்டத்து ஆள். பிற்காலத்தில் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகக் கூலியின்றி ஏழு இரவு நடந்து கொடுத்தார்.

படத்தை இயக்கிய மாணவரே அதனைத் தொகுத்தார். முன்னோட்டத்தையும் அவரே தொகுத்தார். அது 1 நிமிடம் 50 விநாடி ஓடியது. விரைந்து மாறும் காட்சிகள், முரசு போன்ற இசை, ஓடும் பெண், இருட்டுச் சாலை. அவற்றின் நடுவே தாத்தாவின் முகம் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அம்முகத்தை அடுத்து அப்பெண் அஞ்சித் திரும்புவது வந்தது. பார்த்த மாணவர்கள் கைதட்டினார்கள். முதியவரும் வந்திருந்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர் இயக்குநர் மாணவரிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நான் கெட்டவனாவா நடிச்சேன்?"

அம்மாணவருக்கு விடை வரவில்லை. அவர் பொய்யான காட்சி எதனையும் சேர்க்கவில்லை. எல்லாம் படத்தில் உள்ள காட்சிகளே. ஆயினும் முதியவர் கேட்டதில் தவறில்லை.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு ரஷ்ய நாட்டில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை விடை தரும். அவர் இவான் மொசுகின் என்னும் நடிகரின் முகத்தை, எவ்வுணர்ச்சியும் காட்டாத ஒரே காட்சியை எடுத்துக்கொண்டார். அதனை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடந்த பெண்ணோடும், ஒருமுறை பொம்மை வைத்து விளையாடும் சிறுமியோடும் அடுத்தடுத்து ஒட்டினார். பார்த்தவர்கள் அந்நடிகர் பசியையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் வெவ்வேறாக நடித்துக் காட்டியதாகப் பாராட்டினார்களாம். அவரோடு பணியாற்றிய புடோவ்கின் எழுதிவைத்த செய்தி இது. முகம் மாறவில்லை, அண்டை மாறியது. நம் மொழியில் ஒரு சொல் தன் முன்னும் பின்னும் வரும் சொற்களால் வேறு பொருள் கொள்வதை ஒத்தது இது. முதியவரின் முகத்தில் இருந்தது பேத்தி இன்னும் வரவில்லையே என்னும் கவலை. அஞ்சி ஓடும் பெண்ணை அதன் பக்கத்தில் வைத்ததும் அக்கவலை வஞ்சமாக மாறிவிட்டது. வெட்டி ஒட்டுதலுக்கு இத்துணை ஆற்றல் உண்டென்று தொகுப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும். தம் சுற்றத்தாரையும் அண்டை வீட்டாரையும் நடிக்க வைக்கும் மாணவர்கள் இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? தாத்தா நல்லவர், துணையாக நடந்தார் என்று முன்னோட்டத்திலேயே காட்டிவிட்டால் 14 நிமிடப் படத்தைப் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பொய் சொல்லவும் கூடாது. மெய்யை உடைக்கவும் கூடாது. குழுவினர் இரண்டு நாள் இதனைப் பற்றியே வாதாடினர். "எல்லாப் படத்துலயும் இப்படித்தானே செய்றாங்க, சார்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பலர் செய்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் செய்யாமல் வென்றவர்களும் உண்டு.

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960-ஆம் ஆண்டில் 'சைக்கோ' படத்துக்குச் செய்த முன்னோட்டம் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுவது. அதில் அவரே தோன்றி, வீடு விற்கும் தரகரைப் போல அவ்விடுதியையும் பின்னால் உள்ள மாளிகையையும் சுற்றிக் காட்டுகிறார். இங்கே ஒரு கொடுமை நடந்தது என்று தொடங்குவார். பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுகிறாள். அவ்விடத்தில் வருபவர் படத்தில் அக்காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்லர். வேரா மைல்ஸ் என்னும் வேறொரு நடிகையே பொய்முடி அணிந்து நிற்கிறார். ஆர்சன் வெல்ஸ் 1941-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்குச் செய்த முன்னோட்டமோ இன்னும் ஒரு படி மேல். படத்திலிருந்து ஒரு காட்சியும் அதில் இல்லை. நடிகர்களை மேடையிலும் ஒப்பனையிலும் காட்டி, வெல்ஸ் தம் குரலால் மட்டும் அவர்களை அறிமுகம் செய்கிறார். தம் முகத்தைக் காட்டவே இல்லை. மறைத்தல் வேறு, மாற்றிச் சொல்லுதல் வேறு என்பதற்கு இவ்விரண்டையும் மாணவர்களுக்குக் காட்டினேன். சைக்கோவில் ஆள் மாற்றியதும் ஒருவகைப் பொய்தானே என்று ஒரு மாணவி உடனே மடக்கினார். நியாயமான கேள்வி. அப்பொய்யால் எவருடைய முகத்துக்கும் பழி வரவில்லை என்பதே நான் சொல்லக் கூடிய விடையாக இருந்தது.

மடக்கிய அம்மாணவியிடமே புதிய முன்னோட்டத்தை ஒப்படைத்தனர். அவர் படப்பிடிப்புக்குப் போனவர் அல்லர். இயக்குநரோடு ஒரே வகுப்பில் பயின்றவர். நன்னூல் கூறும் உடன் பயின்றோரைப் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் திரைத்தொழிலிலும் முன்னோட்டம் செய்வது நெடுங்காலமாகத் தனித் தொழிலாக இருந்து வருகிறது. 1919-இல் தோன்றிய 'நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்' என்னும் நிறுவனம் பல படக்கம்பெனிகளுக்கு இவ்வேலையைச் செய்து கொடுத்தது. இன்றும் அங்கே பெரிய படங்களின் முன்னோட்டங்களை வெளி நிறுவனங்களே பெரிதும் தொகுக்கின்றன. படத்தை எடுத்தவனுக்கு ஒவ்வொரு காட்சியும் ஓர் உழைப்பின் நினைவு. மழையில் நனைந்து எடுத்தது, மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தது என்று எதனையும் விட மனம் வராது. வெளியாளுக்கு அந்நினைவுகள் இல்லை. காட்சி தானாகப் பேசுகிறதா என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அவர் தொடங்கிய முறை எனக்கு வியப்பளித்தது. முதல் நாள் படத்தை ஒலியின்றி ஒருமுறை பார்த்தார். அடுத்து, திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே தாளில் குறித்தார். செருப்பு ஓசை, பேருந்துக் கதவு மூடும் ஓசை, தவளைச் சத்தம், தேநீர்க் குவளை மேசையில் நகரும் ஓசை, "இன்னும் தூங்கலையா?" என்னும் பெண்ணின் கேள்வி, டார்ச் விளக்கின் பொத்தான் ஓசை. இவை ஆறும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. முதலில் இவ்வோசைகளை மட்டும் வரிசைப்படுத்தி, கண்ணை மூடிக் கேட்டால் கதை விளங்குமாறு ஒரு நிமிட அளவில் அமைத்தார். அதன் பிறகே படங்களை ஏற்றினார். முன்னோட்டத்தைக் காதால் தொகுக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் பலர் சொல்வதுதான். எனினும் இளையோர் பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கின்றனர். அழகிய காட்சிகளை அடுக்கிவிட்டு மேலே ஒரு பாட்டைப் போர்த்திவிடுகின்றனர்.

ஓசையும் காட்சியும் ஒரே இடத்தில் வெட்டப்பட வேண்டும் என்பதில்லை. இதனைச் சற்று விளக்க வேண்டும். அடுத்த காட்சியின் ஓசை முன்கூட்டியே கேட்க, படம் பின்னர் மாறுமானால் அதனை 'ஜே வெட்டு' என்பர். பழைய காட்சியின் ஓசை புதிய படத்தின் மேலும் நீளுமானால் அது 'எல் வெட்டு'. தொகுப்பு மென்பொருளில் படக்கோடு மேலும் ஒலிக்கோடு கீழும் இருக்கும். ஒலிக்கோடு இடப்பக்கம் முந்தி நீண்டால் ஆங்கில ஜே எழுத்தின் வடிவும், வலப்பக்கம் பிந்தி நீண்டால் எல் எழுத்தின் வடிவும் தோன்றும். அதனால் வந்த பெயர்கள் இவை. புதிய முன்னோட்டத்தில், பெண் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவளைச் சத்தம் தொடங்குகிறது. அவள் இன்னும் வெளிச்சத்தில் இருக்கிறாள். நம் காது இருட்டுக்குப் போய்விடுகிறது. அச்சம் அங்கேயே பிறந்துவிடுகிறது. அதற்கு எந்த முகத்தையும் குற்றவாளியாக்க வேண்டிய தேவை எழவில்லை.

காலடி கேட்கும் இடங்களில் முதியவரின் முகம் அறவே நீக்கப்பட்டது. அதற்குப் பதில் சாலையில் விழும் டார்ச் வெளிச்சத்தின் வட்டம் மட்டும் வைக்கப்பட்டது. அவர் முகம் வருவது ஒரே இடத்தில், குவளையைத் தள்ளி வைக்கும்போது, இரண்டு விநாடி. அதன் முன்னும் பின்னும் பெண்ணின் அஞ்சிய முகம் வராதபடி அம்மாணவி பார்த்துக்கொண்டார். படம் பார்த்து முடித்தவர்கள் திரும்ப முன்னோட்டத்தைப் பார்த்தால் அவ்வெளிச்சம் யாருடையது என்று அறிந்து மகிழலாம். பாராதவர்க்கு அது வினாவாகவே நிற்கும்.

நீளத்தைப் பற்றி இயக்குநர் மாணவருக்கு மனக்குறை இருந்தது. புதியது 52 விநாடிதான். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது என்பது அன்பர்கள் அறிந்ததே. ஆக 52 விநாடி என்பது 1,248 சட்டங்கள். முற்காலத்தில் 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டம். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. சிங்கப்பூர்ப் பாலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸ் படநிலையத்தில் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்கள் மலாய்ப் படங்களை இயக்கிய காலத்தில் தொகுப்பு என்றால் சுருளைக் கையால் வெட்டி ஒட்டுவதே. வெட்டிய துண்டைத் திரும்பச் சேர்ப்பது வேலை மிக்கது. ஆகவே வெட்டுமுன் எண்ணினர். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் வெட்டியது மீண்டுவிடும். எளிமை நல்லதே. ஆனால் எண்ணும் பழக்கம் குறைந்துபோயிற்று என்பதையும் நான் கண்டேன். அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கமே 2014-ஆம் ஆண்டில் முன்னோட்டங்கள் 2 நிமிடத்துக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. அவை இரண்டு மணி நேரப் படங்கள். 14 நிமிடப் படத்துக்கு 1 நிமிடம் 50 விநாடி என்றால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தெருவில் கொட்டிவிட்டோம் என்றுதான் பொருள்.

எதனை வைப்பது, எதனை விடுவது என்பதில் வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளரின் கருத்து உதவியது. நல்ல வெட்டுக்கு வேண்டிய ஆறு பண்புகளை அவர் தம் நூலில் வரிசைப்படுத்தி மதிப்பும் கொடுக்கிறார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் செல்லும் திசை, காட்சியின் இடத்தொடர்ச்சி முதலியவற்றுக்கு எஞ்சியவை. எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உணர்ச்சிக்குப் பாதிக்கு மேல் கொடுத்தார் என்பதே கருத்து. பெண் திரும்பிப் பார்க்கும் காட்சிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் ஒளி சீராக இருந்தது. மற்றொன்றில் கேமரா சற்று ஆடியது, ஆனால் கண்ணில் அச்சம் மெய்யாக இருந்தது. ஆடியதே வைக்கப்பட்டது.

இனி எழுத்துகள். நான் அழைக்கப்பட்டதே இதற்குத்தான். முதல் முன்னோட்டத்தில் ஐந்து இடங்களில் வாசகங்கள் தோன்றின. "அன்பு", "அச்சம்", "உண்மை" என்று தனித்தனிச் சொற்கள் திரையில் வெடித்தன. மூன்றும் எந்தப் படத்துக்கும் பொருந்துவன. ஆதலால் எந்தப் படத்துக்கும் உரியன அல்ல. அனைத்தையும் நீக்கச் சொன்னேன். படத்தின் பெயரும் திரையிடும் நாளும் இடமும் போதும். பாயிரத்தில் நூற்பெயரும் நுதலிய பொருளும் கேட்போரும் பயனும் தெரிய வேண்டும் என்பது இலக்கணம். நுதலிய பொருளைக் காட்சியே உணர்த்துகிறபோது எழுத்து எதற்கு? எழுத்து திரையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு கணக்கும் சொன்னேன்: வாய்விட்டு நிதானமாக இருமுறை படிக்கும் வரை நிற்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில வாசகத்துக்குப் போதும் நேரம் நமக்குப் போதாது. எழுத்துரு தேர்விலும் கவனம் வேண்டும். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்துகளைச் சரியான முறையில் அமைக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிள்ளைகள் அதனைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

இசையைப் பற்றி ஒரு குறிப்பு. முதல் முன்னோட்டத்தில் ஒலித்த இசை வேறொரு திரைப்படத்தினது. இசைவு பெறாமல் எடுத்தது. இணையத்தில் ஏற்றினால் ஒலி நீக்கப்படவோ படமே முடக்கப்படவோ கூடும். புதியதில் இசையே இல்லை. கடைசிப் பத்து விநாடியில் மட்டும், உடன் பயிலும் ஒருவர் புல்லாங்குழலில் ஒரே சுரத்தை நீட்டி ஊதியது சேர்க்கப்பட்டது. ஒலியளவை நல்ல ஒலிபெருக்கியிலும் கேட்டார்கள், கைப்பேசியிலும் கேட்டார்கள். கைப்பேசியில் தவளை கேட்கவில்லை என்பதால் அதனைச் சற்று உயர்த்தினர். நிறச் சீரமைப்பு, மலாய், ஆங்கிலத் துணையுரைகள் ஆகியவை இரண்டு மாலைகளில் முடிந்தன. கோப்புகளை மூன்று படியாக்கி, ஒன்றை வேறொருவர் வீட்டில் வைத்தனர்.

முதியவரை மறுபடி அழைத்துக் காட்டினர். ஒருமுறை பார்த்தார், மீண்டும் போடச் சொன்னார்.

"அந்த டார்ச் லைட்டு என்னோடதுதானே?" என்றார்.

"ஆமாம் தாத்தா. ஆனா வெளியில யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார் மாணவி.

அவர் சொல்லவில்லை என்றே கேள்வி. திரையிட்ட நாளில் அவருடைய குடும்பத்தாரே இறுதிக் காட்சியில்தான் அறிந்தார்கள்.

வகுப்பில் இதனைச் செய்துபார்க்கக் கணினி தேவையில்லை. பாடநூலில் உள்ள சிறுகதை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் முடிவைச் சொல்லாமலும் அதற்கு மாறானதை நினைக்கத் தூண்டாமலும் ஐந்து ஓசைகளையும் மூன்று காட்சிகளையும் மட்டும் மாணவர்கள் எழுதட்டும். ஒருவர் எழுதியதை, அக்கதையைப் படியாத வேறொரு வகுப்பு மாணவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் என்ன கதையை எதிர்பார்க்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு கதையைப் படிக்கக் கொடுக்கலாம். என் வகுப்பில் இதனை இருமுறை செய்தேன். முதல் முறை பெரும்பாலோர் முடிவை உடைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை நால்வர் உடைக்கவில்லை.